பெயரைத் தட்டினால் வரும் பக்கம்



சென்ற மாதம் ஒரு நாள் அஸருக்குப் பின் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு ராத்தா என்னிடம் வந்தார். 1990இல் கணவனைப் பறிகொடுத்தவர். தையல் மெஷினை மிதித்தே பிள்ளைகளை ஆளாக்கியவர்.

"தங்கச்சி, போனில என்ட பேரைத் தட்டினா அடையாள அட்டை நம்பர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் வருது. ராவையில ஆரோ கோல் எடுத்துக் கண்டபடி கதைக்கிறான். பேத்திக்கு மாப்பிள்ளை பேசுற நேரம். இத எப்படி அழிக்கிற?" என்று கேட்டார்.

விசாரித்ததில் விடயம் புரிந்தது. 2010 அளவில் உதவி தருவதாக வந்த ஒரு நிறுவனம் விதவைகளின் விபரங்களை எழுதி எடுத்தது. அந்தப் பட்டியலை அப்படியே இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. நிறுவனம் போய்விட்டது, பட்டியல் நிற்கிறது. "ஒரு கோழிக்கூடு கூடக் கிடைக்கல்ல" என்றார் ராத்தா.

இதில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது இரண்டு. பக்கத்தை அழிக்கக்கூடியவர் அந்த இணையத்தளத்தின் உரிமையாளர்தான். கூகுள் போன்ற தேடுபொறி அந்தப் பக்கத்துக்கு வழி காட்டுகிறது. வீட்டை இடிக்க முடியாவிட்டாலும் வழி காட்டுவதை நிறுத்தலாம்.

இதற்காக ஸ்பெயினில் ஒருவர் வழக்காடினார். கடனுக்காக அவரது வீடு ஏலம் போவதாக 1998இல் ஒரு பத்திரிகையில் அறிவித்தல் வந்தது. கடன் தீர்ந்து பல வருடமாகியும் பெயரைத் தேடினால் அதுவே வந்தது. 2014 மே 13இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பத்திரிகையின் பக்கம் அப்படியே இருந்தது. பெயரைத் தேடும்போது அதனைக் காட்டக்கூடாது என்று கூகுளுக்குச் சொல்லப்பட்டது.

அந்தத் தீர்ப்பு ஐரோப்பாவுக்குரியது. எனினும் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, விலாசம், தொலைபேசி இலக்கம், சம்மதமின்றிப் போடப்பட்ட அந்தரங்கப் படம் ஆகியவற்றைத் தேடலிலிருந்து நீக்கும்படி எந்த நாட்டவரும் கூகுளிடம் கேட்கலாம். இதற்குப் பணம் இல்லை.

முதலில் பக்கத்தைப் படம் பிடித்து வைத்தோம். தளத்துக்கு எழுதினோம், பதில் இல்லை. பிறகு பக்கத்தின் முகவரியைப் பிரதி செய்து கூகுளின் படிவத்தில் இட்டோம். சில நாட்களில் நீக்கிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. வேறு தேடுபொறியில் இன்னும் வருகிறது. அதற்குத் தனியாக எழுதியிருக்கிறோம்.

அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவருடன் பொலிஸுக்குப் போங்கள். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், அவரது அந்தரங்க வீடியோக்களை 48 மணித்தியாலத்துக்குள் நீக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் இந்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதன் பின்னும் அவை வேறு தளங்களில் தலைகாட்டின. ஆகவே ஒருமுறை நீக்கினால் போதாது, திரும்பத் திரும்பத் தேடிப் பார்க்க வேண்டும்.

போகும்போது ராத்தா கேட்டார்: "பள்ளிவாசல்ல நடந்ததும் அழிஞ்சிடுமா தங்கச்சி?"

இல்லை. 1990 ஓகஸ்ட் 3இல் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதை உலகம் தேடிப் படிக்கட்டும். அது மறக்கக்கூடாத வரலாறு. ராத்தாவின் போன் நம்பர் வரலாறு அல்ல.

இனி யாராவது பட்டியல் எழுத வந்தால், "இதை எங்கே போடுவீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் கையொப்பம் வையுங்கள்.