லினக்ஸ் எஞ்சினியருக்கு மட்டுமா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற டிபிஎம் 2.0 சிப் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். தமிழ்நாடு–கர்நாடக எல்லையிலுள்ள அத்திபெலே போன்ற ஊரில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் டியூஷன் வீட்டுக்கும் கிடைக்கிற யோசனை ஒன்றுதான்: “புதுசு வாங்குங்க. லினக்ஸ் எல்லாம் எலெக்ட்ரானிக் சிட்டி எஞ்சினியருங்க சமாச்சாரம்.” பெங்களூருவின் அந்த ஐடி பகுதியிலிருந்து ஓசூர் சாலையில் சில கிலோமீட்டர் போனால் ஆள் மாறிவிடுவாரா என்ன?

முதல் வாதம், கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும் என்பது. அப்படியில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் எழுதி அதிலிருந்தே பூட் செய்யலாம். ஹார்ட் டிஸ்கில் எதையும் தொடாமல் அது ஓடும். வைஃபை, சத்தம், பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு நிறுவினால் போதும். கட்டளை எதுவும் தேவைப்படாது. ஆனால் நிறுவும் முன் கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்தே ஆக வேண்டும். டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் எழுதி வையுங்கள். இந்த இரண்டில் மட்டும் சோம்பல் கூடாது.

லினக்ஸ் வகைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவே, எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்ப வேண்டியதில்லை. விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்புக்கு அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மற்றவற்றை ஒரு வருடம் கழித்து ஆராயலாம்.

“தமிழ்நாட்டு அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் கொடுத்தாங்களே, யார் தொட்டாங்க?” இதுதான் எல்லோரும் கடைசியில் எடுக்கும் ஆயுதம். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸும் இருந்தது உண்மை. பாடத்திலோ தேர்விலோ அதற்கு இடமில்லை என்றால் பிள்ளைகள் ஏன் தொடுவார்கள்? கேரளத்தைப் பாருங்கள். அங்கே கட்டற்ற மென்பொருளை வைத்தே ஐடி பாடப்புத்தகம் எழுதினார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த மாநில அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்துத் தருகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஜியோஜீப்ராவையும் லிப்ரே ஆபீஸையும் அதில்தான் கற்கிறார்கள். எஞ்சினியரிங் படித்துவிட்டா வந்தார்கள்? தமிழ்நாட்டில் தோற்றது லினக்ஸ் அல்ல, அதைச் சொல்லித்தராத திட்டம்.

எல்லை ஊர் என்பதால் தமிழும் கன்னடமும் தட்டச்ச வேண்டும் என்பார்கள். லினக்ஸின் ஐபஸ் என்ற தட்டச்சு அமைப்பில் தமிழ்99-ஐயும் கன்னட விசைப்பலகையையும் சேர்த்துக்கொண்டால் ஒரே விசைச் சேர்க்கையில் மாறிக்கொள்ளலாம். இரண்டும் யூனிகோடு. பாமினி எழுத்துருவில் குவிந்த பழைய கோப்புகளை மட்டும் மாற்றியெடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டு எதிர்ப்புகளில் நியாயம் இருக்கிறது. கடைகளில் நிறைந்திருக்கும் கேனன் எல்பிபி 2900 பிரின்டர் லினக்ஸில் படுத்தும். ஹெச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. வேறு வழிகளில் ஓட்டிப் பார்த்துக் கணக்கைப் பணயம் வைக்கக் கூடாது. டேலி ஓட்ட மட்டும் விண்டோஸ் 11 உள்ள ஒரு கம்ப்யூட்டர் வாங்குங்கள். பில் அடிக்க, ஜிஎஸ்டி தளம் பார்க்க, பிள்ளைகள் படிக்க என்று இருக்கும் மற்றவற்றில் மின்ட்டைப் போடுங்கள். ஓடுகிற கம்ப்யூட்டரை இரும்புக் கடைக்குப் போட வேண்டியதில்லை.