'ட்ராக் 01' பாடியவர் யார்?

உங்கள் கம்ப்யூட்டரில் 'ட்ராக் 01' என்ற பெயரில் எத்தனை பாட்டு இருக்கிறது, தேடிப் பாருங்கள் ஸார். பல பேரிடம் பத்துக்குக் குறையாது. ஒன்று சுப்ரபாதம், அடுத்தது குத்துப்பாட்டு. காலை 5 மணிக்கு எது பாடும் என்பது பெருமாளுக்கே வெளிச்சம்!

ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற உட்கார்ந்தால் ரிடையர்மென்ட் வயசு வந்துவிடும். மொத்தமாக மாற்ற விண்டோஸிலேயே வழி இருக்கிறது. எல்லாவற்றையும் செலக்ட் செய்து, எஃப்2 தட்டி, ஒரு பெயரை அடித்தால் போதும். அத்தனை பாட்டுக்கும் அதே பெயர், கூடவே அடைப்புக்குறிக்குள் ஒரு நம்பர்.

வில்லங்கமே அங்கேதான்.

ஆடிட் ஆபீஸ் நண்பர் ஒருத்தர், அப்பாவின் பழைய கேசட்டுகளை ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து எம்பி3 ஆக்கினார். அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேசட் அட்டையைப் படிப்பார்: படம், பாடியவர், எழுதியவர். இவர் அதை ஃபைல் பெயராக டைப் அடிப்பார். மூன்று வருஷ வேலை. அப்புறம் கேசட்டெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போயாச்சு. அப்பாவும் போய்ச் சேர்ந்தாச்சு.

ஒரு நாள், 'எல்லாத்தையும் அழகா அடுக்குவோமே' என்று எஃப்2 தட்டி 'அப்பா பாட்டு' என்று அடித்தார். அப்பா பாட்டு (1) முதல் அப்பா பாட்டு (1846) வரை! அந்த நிமிஷமே கண்ட்ரோல்-இஸட் தட்டியிருந்தால் தப்பித்திருப்பார். மனுஷர் கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

டி.எம்.எஸ். குரல் யாருக்கும் தெரியும். எழுதியது கண்ணதாசனா, வாலியா? கேட்க அப்பா இல்லை.

பி.காம். படித்தவன் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். கணக்கில் முதலில் குறிப்பேடு, அப்புறம்தான் பேரேடு. பாட்டுக்குக் குறிப்பேடு எது? ஃபைலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் 'டேக்'. ஃபைல் பெயர் வெறும் பேரேடு. அது குழம்பினால் டேக்கைப் பார்த்து மறுபடி எழுதிக் கொள்ளலாம். நண்பர் குறிப்பேடே போடவில்லை!

1996-ல் இந்த டேக் பிறந்தபோது மொத்தமே 128 பைட். பாடகர் பெயருக்கு 30 எழுத்துதான். எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ்.ஜானகி என்று ஆங்கிலத்தில் முழுசாக, புள்ளி, இடைவெளியோடு அடித்தால் 33 எழுத்து. கடைசி மூன்று வெட்டுப்பட்டு, ஜானகியம்மா 'ஜான்' ஆகிவிடுவார்! 1998-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி இடம் உண்டு. தமிழிலேயே எழுதலாம்.

ஆகவே, செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

ஒன்று, முழுத் தொகுப்பையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். எடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

இரண்டு, முதலில் டேக்கைச் சரி செய்யுங்கள். 'எம்பி3டேக்' போன்ற புரோகிராமில் ஒரு படத்தின் பாட்டுகளை மொத்தமாகப் பிடித்து, படம், வருஷம், இசை மூன்றையும் ஒரே அடியில் நிரப்பலாம். ஊர் பேர் தெரியாத பாட்டா? 'மியூசிக்பிரைன்ஸ் பிகார்ட்' ஒலியையே கைரேகை மாதிரி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். அதன் பதிவேட்டில் இருந்தால் ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

மூன்று, கடைசியில் டேக்கிலிருந்து ஃபைல் பெயரை உண்டாக்கச் சொல்லுங்கள். முதலில் பத்துப் பாட்டில் வெள்ளோட்டம். நம்பரை 01, 02 என்றே போடுங்கள். வெறும் 1, 2 போட்டால் பல கார் ஸ்டீரியோக்களில் 1-க்கு அடுத்து 10 பாடும்.

நான்கு, 'இளையராஜா'வுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஸ்பெல்லிங்கை முடிவு செய்து கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் நாலு இளையராஜா இருப்பார்கள்.

பாடியவரும் எழுதியவரும் ராயல்டி கேட்டு நம் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. பெயரையாவது போட்டு வைப்போமே ஸார்!