இரண்டு கிளார்க்குகள்

தலைப்பைப் பார்த்து, "பெரியவர் மறுபடியும் ஆபீஸ் கதையை எடுத்துவிட்டார்" என்று பக்கத்தை மூடிவிடாதீர்கள். வாழ்நாள் முழுக்க நான் கிளார்க்காக இருந்தது உண்மைதான். ஆனால் இது அந்தக் கிளார்க் இல்லை. கிளார்க் என்ற குடும்பப் பெயருடைய இரண்டு அமெரிக்கர்களைப் பற்றியது. சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்னால் ஜப்பானுக்குப் போய் அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்திய கிறிஸ்தவர்கள். பெயர்தான் ஒன்று, வயது வேறு, ஊர் வேறு, குணமும் வேறு. ஒருவருக்கு சப்போரோ நகரில் சிலை நிற்கிறது. கையை நீட்டித் தூரத்தைக் காட்டும் அந்தச் சிலையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாக்காரர் குறைவு. இன்னொருவர் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பார்கள். என் ஓட்டு அந்த இன்னொருவருக்குத்தான்.

அவர் எட்வர்ட் வாரன் கிளார்க். 1871-இல் யோக்கோஹாமா துறைமுகத்தில் வந்து இறங்கியபோது வயது 22. ரட்கர்ஸ் கல்லூரியில் அவருடன் பழகிய கிரிஃபிஸ் என்பவர் அதே ஆண்டு சற்று முன்னதாக ஃபுக்குயி என்ற ஊரில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்திருந்தார். அவர் மூலமாகத்தான் இவருக்கும் அழைப்பு வந்தது. வேலை ஷிசுவோக்காவில். பதவி இழந்த கடைசி ஷோகுன் ஒதுங்கி வாழ்ந்த ஊர் அது. அவரை நம்பிப் பிழைத்த சாமுராய்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அவர் பின்னாலேயே அங்கே வந்து குடியேறியிருந்தன. வாள் பிழைப்பு போயிற்று, இனிப் படிப்புதான் பிழைப்பு என்று உணர்ந்தவர்கள். எனவே பள்ளி பெரிதாக இருந்தது. வேதியியலும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டு ஆசிரியர் தேவைப்பட்டார்.

யோக்கோஹாமாவில் ஒப்பந்தத் தாள் கைக்கு வந்தது. சம்பளம், வீடு, காலம் எல்லாம் சரி. ஆனால் நடுவில் ஒரு ஷரத்து: மூன்று ஆண்டுக் காலமும் கிறிஸ்தவ மதத்தைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது, பொதுவாக மத விஷயத்திலேயே வாய் திறக்கக்கூடாது.

அரசாங்கத்தின் பயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். கிறிஸ்தவ மதம் தடை செய்யப்பட்டது என்று எழுதிய பலகைகள் அப்போதும் தெருமுனைகளில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை இறக்கியது 1873-இல்தான். நாகசாகி பக்கத்தில் உராக்காமி என்ற கிராமத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து ஜெபம் செய்துவந்தவர்கள் 1865-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரிடம் வந்து தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். விளைவு என்ன? மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குடும்பத்தோடு நாட்டின் பல மூலைகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே செத்தார்கள். (அந்தப் பாதிரியார் பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். நம் புதுச்சேரியில் அச்சுக்கூடம் வைத்துத் தமிழ் அகராதி போட்டார்களே, அதே சபை.) வாரன் கிளார்க் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்த நாளில் அந்த உராக்காமி ஜனங்கள் இன்னும் வீடு திரும்பவில்லை. ஆக அந்த ஷரத்து ஏதோ சம்பிரதாயத்துக்கு எழுதிய வரி இல்லை.

அவர் கையெழுத்துப் போட மறுத்தார். தெரிந்தவர்கள் போட்டுவிடு என்றார்கள். கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. இத்தனை கடல் தாண்டி வந்து வேலை இல்லாமல் திரும்பவேண்டிய நிலை. அவர் அசையவில்லை, வரியை எடுத்தால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார். கடைசியில் எடுத்தது அரசாங்கம்தான்.

இதில் எனக்குப் பிடித்தது அவருடைய பக்தி இல்லை. பக்திமான்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர் புத்த மதத்தைப் பற்றித் தம் நூலில் எழுதியிருக்கும் சில சொற்களை இன்று படித்தால் நமக்குக் கூசும். எனக்குப் பிடித்தது, அவர் இதை வேலையில் சேருவதற்கு முன்னால் செய்தார் என்பது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்பதுதான் ஊர் புத்தி. நூறு மைல் தள்ளி ஒரு கோயிலுக்குள் அவர் என்ன பேசினார் என்று யார் போய்க் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? எத்தனை கோப்புகளில் இப்படிப் பார்த்திருக்கிறேன்: கையெழுத்து ஒன்று, நடப்பு வேறு, இரண்டு தரப்புக்கும் அது தெரியும். அந்த இருபத்திரண்டு வயதுப் பையன் தாளில் இருப்பதும் தான் செய்யப்போவதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று நின்றான். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவனை எங்கள் செக்ஷனில் சேர்த்துக்கொள்ளலாம்!

கோயிலுக்குள் என்றேனே, அது உண்மை. ஷிசுவோக்காவில் முதலில் அவருக்குக் கொடுத்த இருப்பிடம் ஊர் ஓரத்தில் இருந்த ஒரு பெரிய புத்தக் கோயில். ஒரு பக்கம் பிக்குகளின் மணியோசை, மந்திரம். இன்னொரு பக்கம் இவருடைய மேசை, நாற்காலி, புத்தகங்கள். வார நாட்களில் பள்ளிக்கூடம்: மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ரசாயனம். ஞாயிற்றுக்கிழமை அதே கோயிலில் பைபிள் வகுப்பு. வந்தவர்கள் தாங்களாக வந்தவர்கள். வராதவனுக்கு ரசாயனத்தில் மதிப்பெண் குறையவில்லை. ஊரில் பேச்சுத் துணைக்கு இன்னொரு வெள்ளைக்காரர் கிடையாது.

சமையற்கட்டில் இருந்தவரைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் செந்தாரோ. 1850-இல் கப்பல் சேதமடைந்து, நடுக்கடலில் அமெரிக்கக் கப்பலால் காப்பாற்றப்பட்ட ஜப்பானிய மாலுமிகளில் ஒருவர். தளபதி பெர்ரி ஜப்பானின் கதவைத் தட்டப்போனபோது அந்தக் கப்பலில் இவரும் இருந்தார். சொந்த மண்ணில் இறங்கினால் தலை போகும் என்று பயந்து இறங்காமல் அமெரிக்காவுக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். 1860-இல் ஒரு போதகரோடு ஊர் திரும்பினார். சாம் பாட்ச் என்று மாலுமிகள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. புத்தக் கோயிலில் ஒரு கிறிஸ்தவ வாத்தியாருக்கு ஒரு கிறிஸ்தவ ஜப்பானியர் சமைத்துப் போட்டார். கதாசிரியர் யாராவது எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்போம்.

அதே பள்ளியில் நக்காமுரா மசநாவோ என்ற கன்ஃபூசியப் பண்டிதர் இருந்தார். இங்கிலாந்து போய் வந்தவர். ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுதந்திரம் பற்றிய நூலை ஜப்பானிய மொழியில் தந்தவர் அவர்தான். அதற்கு ஆங்கிலத்தில் முன்னுரை எழுதிக்கொடுத்தவர் நம் வாரன் கிளார்க். நக்காமுரா 1874-இல் ஞானஸ்நானம் பெற்றார், வேறொரு போதகரிடம், டோக்கியோவில், தன் நாற்பதுகளில். எல்லாம் படித்துப் பார்த்துத் தானே தீர்மானித்தவர்.

இப்போது சிலைக்காரரிடம் வருகிறேன். வில்லியம் ஸ்மித் கிளார்க், மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரியின் தலைவர், தாவரவியல் அறிஞர். 1876-இல் ஐம்பது வயதில் சப்போரோவுக்கு வந்து புதிய வேளாண் கல்லூரியைத் தொடங்கிவைத்தார். பெரிய மனிதர், சந்தேகமில்லை. மாணவர்களுக்கு நீண்ட விதிப்பட்டியல் வேண்டாம், கண்ணியமானவர்களாக இருங்கள், அது போதும் என்றவர். ஒருமுறை குளிர்காலத்தில் மாணவர்களோடு மலையேறினார். மரத்தில் உயரத்தில் ஒரு பாசியினம் தெரிந்தது. உடனே பனியில் கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிந்து, என் முதுகில் ஏறிப் பறி என்று ஒரு மாணவனிடம் சொன்னார். காலணியோடேயே ஏறச் சொன்னார். குருவின் நிழலைக்கூட மிதிக்கக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள்! அந்தக் காட்சிக்காக அவருக்கு ஒரு சிலை வைத்தால் நானும் மாலை போடுவேன்.

ஆனால் 1877 மார்ச் 5 தேதியிட்ட ஒரு தாள் இருக்கிறது. இயேசுவை நம்புகிறவர்களின் உடன்படிக்கை என்று தலைப்பு. எழுதியவர் கிளார்க். முதல் வகுப்பு மாணவர்கள் பதினாறு பேர் ஒப்பமிட்டார்கள். யார் அந்த மாணவர்கள்? அரசுச் செலவில் சாப்பிட்டு, அரசு விடுதியில் தங்கி, படிப்பு முடிந்தால் அந்தக் குளிர்ப் பிரதேசத்திலேயே அரசு வேலை செய்வதாக ஒப்புக்கொண்டு வந்த இளைஞர்கள். தாளை நீட்டியவர் அந்தக் கல்லூரியை நடத்தியவர். மேலதிகாரி ஒரு சுற்றறிக்கையில் தன் பெயரை முதலில் போட்டு அனுப்பினால், கீழே இருப்பவன் அதை எப்படி வாசிப்பான் என்று அரசு வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டுமா?

அடுத்த ஆறு வாரத்தில், ஏப்ரல் 16 அன்று, அவர் குதிரையேறி ஊரைவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகளே, பெரிய லட்சியம் கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதாகச் சொல்லப்படும் பிரபலமான வாக்கியம் அந்தப் பிரிவு நேரத்தில்தான்.

தாள் மட்டும் கல்லூரியில் தங்கிவிட்டது. இலையுதிர் காலத்தில் இரண்டாம் வகுப்பு வந்தது. சீனியர்கள் அதைப் புதியவர்கள் முன் நீட்டினார்கள். அவர்களில் ஒருவர் உச்சிமுரா கான்சோ. கிளார்க்கை அவர் வகுப்பறையில் பார்த்ததே இல்லை. தனக்கு இந்த மதம் வேண்டாம் என்று உள்ளூர்க் கோயிலில் போய் வேண்டிக்கொண்டதையும், எல்லாரும் சேர்ந்து நெருக்கவே மனமில்லாமல் கையெழுத்திட்டதையும் பின்னாளில், 1895-இல், அவரே எழுதினார். அதே உச்சிமுராதான் பிறகு ஜப்பானின் பெரிய கிறிஸ்தவச் சிந்தனையாளர் ஆனார். திருச்சபையே வேண்டாம், வேதமும் விசுவாசமும் போதும் என்று ஓர் இயக்கத்தையும் தொடங்கினார். 1891-இல் பேரரசரின் கல்வி ஆணைக்கு முன் முழுதாகக் குனிந்து வணங்க மறுத்து ஆசிரியர் வேலையை இழந்தவரும் அவர்தான்.

விளைவு நன்றாகத்தானே வந்தது என்று சிலர் சொல்வீர்கள். வந்தது, மறுக்கவில்லை. அவர் வகுப்புத் தோழர் நித்தோபே இனாசோ ஜப்பானிய ரூபாய்... மன்னிக்கவும், ஐயாயிரம் யென் நோட்டிலேயே இடம்பெற்றார். ஆனால் மரம் காய்த்தது என்பதற்காக வேலி தாண்டி நட்டது சரியாகிவிடுமா? உச்சிமுராவின் முதல் கையெழுத்து நெருக்கடியில் வாங்கியது. வணங்க மாட்டேன் என்று 1891-இல் நின்றதுதான் அவருடைய சொந்தக் கையெழுத்து.

நான் பிரெஞ்சில் படித்தவன். எங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு முசியே ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவார். கையில் தடித்த கறுப்புப் புத்தகம். திங்கட்கிழமை வகுப்பில் வினைச்சொல் உருபுகளைத் தவிர வேறு பேச்சு கிடையாது. எங்களில் ஒரு பையன் துணிந்து, கடவுள் உண்டா முசியே என்று கேட்டபோது, பள்ளி விட்டதும் வீட்டுக்கு வா, பேசலாம் என்றார். போனவனுக்குக் காப்பியும் பதிலும் கிடைத்தன. வாரன் கிளார்க்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வருகிறது.

ஷிசுவோக்காப் பள்ளி நீடிக்கவில்லை. 1872-இல் புதிய கல்விச் சட்டம் வந்து பழைய பள்ளியை மூடினார்கள். ஆட்சி மாறினால் வேலையில் இருப்பவன் பாடு என்ன ஆகும் என்று 1954-ஐப் பார்த்த நம் ஊர்க் குடும்பங்களுக்குத் தெரியும். வாரன் கிளார்க் சிறிது காலம் அங்கேயே சமாளித்துவிட்டு, 1873 கடைசியில் டோக்கியோவுக்கு வேதியியல் கற்பிக்கப் போனார். சாம் பாட்ச் 1874-இல் இறந்தார். அடக்கத்துக்கு வேண்டியதைக் கவனித்தவர் நக்காமுரா. டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலின் இடுகாட்டில் இடம் வாங்கிக்கொடுத்தார்.