ஹவாயியரும் இஸ்ரேலியரும்: ஒப்புமையில் ஒரு பிழை

சென்ற பருவத்தில் நம் இலக்கியச் சங்கத்தார் நடாத்திய சொற்போரொன்றில் எம் நண்பரொருவர் எழுந்து, சிறு சமூகங்களின் செல்வநிலை அவற்றின் முயற்சியொன்றையே பற்றி நிற்பது என்று வெகு வன்மையாய்ப் பேசினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகள் இரண்டு. இஸ்ரேல் நாட்டு யூதர் பாலைநிலத்தைப் பண்படுத்தி, பேச்சு வழக்கொழிந்த மொழியை உயிர்ப்பித்து, ஓரிரு தலைமுறையிலே செல்வராயினர் என்பது ஒன்று. ஹவாய்த் தீவினரோ, வானமும் மண்ணும் வேண்டியனவெல்லாம் வழங்கியிருந்தும், ஆடலிலும் பாடலிலும் பொழுதைப் போக்கித் தம் நாட்டையே தோற்றனர் என்பது மற்றொன்று. கரகோஷம் மண்டபத்தை நிறைத்தது. யாமும் கைதட்டினோம் என்பதை மறைப்பதற்கில்லை. விடுதிக்கு மீண்ட பின்னரே அவ்வொப்புமை எம்மை உறுத்தத் தொடங்கிற்று.

அணியிலக்கணம் பயில்வோர் பொருளுக்கும் உவமைக்கும் பொதுத்தன்மை யாதென்றே முதற்கண் வினவுவர். எம் நண்பர் இவ்வினாவை எழுப்பினாரல்லர்; கேட்டிருந்த யாமும் எழுப்பினேமல்லேம். ஆகவே, அன்று சொல்லத் தவறியதை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஹவாயைப் பற்றி முதலிற் கூறுவாம். பசிபிக் மாகடலின் நடுவண் உள்ள அத்தீவுகளில் பண்டை நாளில் நிலம் ஒருவருக்கும் விற்பனைப் பொருளாய் இருந்ததில்லை. மலையுச்சியிலிருந்து கடற்கரை ஈறாக நீண்டு கிடக்கும் நிலத்துண்டு ஒவ்வொன்றும் ஒரு வாழ்க்கை வட்டமாயிருந்தது. அதனை அவர்கள் அஹுபுவாஅ என்பர். மேலே காடு, இடையே சேம்பு விளையும் நீர்வயல், கீழே மீன் வளர்க்கும் குளம், அப்பால் கடல். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் ஒரே ஊரின் எல்லைக்குள் அடங்கினாற் போல்வதென்று தமிழ் மாணவர் எண்ணிக் கொள்ளலாம். நீருக்கு அவர்தம் மொழியில் வாய் என்று பெயர். செல்வத்துக்கு வாய்வாய் என்று பெயர். மலையருவியை வாய்க்காலிற் பிரித்து, முறை வைத்துப் பாய்ச்சி, மீண்டும் ஆற்றிலே விடும் வித்தை அறிந்த மக்களைச் சோம்பர் என்பது யாங்ஙனம் பொருந்தும்?

அவர்களைத் தாழ்த்தியது வேறு. 1778ல் காப்டன் குக் வந்திறங்கியபொழுது இலட்சக்கணக்கினராய் வாழ்ந்த மக்கள், வெளியிலிருந்து வந்த நோய்களால் மடிந்து மடிந்து, 1896ம் ஆண்டுக் குடிமதிப்பில், கலப்பினத்தாரையுஞ் சேர்த்து, ஏறக்குறைய 40,000 பேராய்க் குறைந்தனர். இந்த அழிவின் நடுவிலேயே நிலச்சட்டமும் மாறிற்று. 1848ல் நடந்த பெரும் பாகுபாட்டில் நிலம் அரசனுக்கும், அரசாங்கத்துக்கும், தலைவர்க்கும் எனப் பிரிக்கப்பட்டது. 1850ல் குடியானவரும் தாம் உழுத நிலத்தைக் கோரலாம் என்று சட்டம் வந்தது. ஆயினும் அவர்கள் கைக்கு வந்தது மொத்த நிலத்தில் நூற்றில் ஒரு பங்கினுங் குறைவு. அதே ஆண்டில் அந்நியரும் நிலம் வாங்கலாம் என்று மற்றொரு சட்டம் பிறந்தது. அளவை, பத்திரம், சாட்சி என்பனவற்றையெல்லாம் அதுகாறுங் கண்டறியாத ஒருவன், இவற்றிலேயே பிறந்து வளர்ந்தவனோடு வழக்காடி எவ்வாறு வெல்வான்?

இவ்விடத்தில் நமக்குக் கசப்பான ஒன்றையும் கூறியாக வேண்டும். 1816ல் யாழ்ப்பாணத்திலும், 1834ல் மதுரையிலும் ஊழியந் தொடங்கிய அமெரிக்க மிஷன் சங்கமே, 1819ல் ஹவாய்க்கும் ஊழியரை அனுப்பிற்று. வட்டுக்கோட்டைச் செமினாரி 1823ல் எழுந்தது; மாயூயித் தீவின் லஹாயினாலூனாப் பள்ளி 1831ல் எழுந்தது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அப்பள்ளியில் அச்சிட்ட ஹவாய் மொழிப் பத்திரிகை 1834ல் வெளிவந்தது; வேதாகமம் முழுதும் 1839ல் அம்மொழியில் முடிந்தது. சில பத்தாண்டுகளில் அம்மக்களிற் பெரும்பாலார் எழுத்தறிவு பெற்றனர். இவற்றையெல்லாம் நன்றியோடு சொல்லுகிறோம். ஆனால் அம்மிஷனரிமாரின் மக்களிலும் பேரர்களிலும் சிலர் கரும்புத் தோட்டங்களின் முதலாளிகளாயினர். தீவுகளின் வாணிகத்தை ஆண்ட ஐம்பெருங் கம்பெனிகளில் காஸில் அண்டு குக் என்பதை நிறுவினோர் மிஷனில் பணி செய்தோரே. அலெக்ஸாண்டர் அண்டு பால்டுவின் என்பதை நிறுவினோர் மிஷனரிமாரின் புதல்வர். 1893ல் லிலியுவோகலானி அரசியாரை அரியணையினின்று இறக்கிய கூட்டத்தின் முன்னணியில் நின்ற தர்ஸ்டன் என்பவர் மிஷனரியின் பேரர். அதன்பின் ஆட்சித் தலைவராய் அமர்ந்த டோல் என்பவர் மிஷனரியின் மைந்தர். அரசியாரோ மிஷனரிமார் நடாத்திய பள்ளியிற் கற்ற கிறிஸ்தவர். 1895ல் சிறையிருந்தபோது தம்மை வீழ்த்தியோரை மன்னிக்குமாறு வேண்டும் கீர்த்தனமொன்றை இயற்றினார். அந்த மிஷன் சங்கத்தின் வழிவந்த சபையார் 1993ல் ஹவாய் மக்களிடம் மன்னிப்பு வேண்டினர்; அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கக் காங்கிரசும் மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றிற்று. மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் இதனை அறியாதிருத்தல் அழகன்று.

1896ல் பள்ளிகளிற் பயிற்றுமொழி ஆங்கிலமேயாதல் வேண்டும் என்று சட்டம் செய்தனர். 1897ல் அமெரிக்காவோடு நாட்டை இணைக்கலாகாதென்று 21,000க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு விண்ணப்பித்தனர். மேலே சொன்ன மக்கள்தொகையோடு இதனை வைத்துப் பார்க்க. ஒரு சமூகம் முழுதும் எழுந்து வேண்டாவென்றது எனலாம். ஆயினும் 1898ல் இணைப்பு நிறைவேறிற்று. அரசுக்கும் முடிக்கும் உரிய 18 இலட்சம் ஏக்கர் நிலம் அமெரிக்காவின் கைக்குப் போயிற்று. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியபொழுது சீனரும், ஜப்பானியரும், போர்ச்சுகேயரும், பிலிப்பினரும் கப்பல் கப்பலாய்க் கொணரப்பட்டனர். அக்கூலிகளின் துயரம் தனியே எழுதத் தக்கது. ஈண்டு வேண்டுவது ஒன்றே: தன் வீட்டிற்குள் யார் வரலாம் என்பதை ஹவாயியன் தீர்மானித்தானல்லன்.

நிற்க. இனி இஸ்ரேலை நோக்குவாம். இஸ்ரவேல் என்னும் பெயர் வேதாகமத்தால் நமக்கு இளமை தொட்டுப் பழகியது. அதனாலேயே இக்காலத்து இஸ்ரேல் என்னும் அரசை நாம் சரித்திரக் கண்கொண்டு பார்ப்பதில்லை, வாக்குத்தத்தமாகவே பார்த்துவிடுகிறோம். எம் நண்பரின் கரகோஷத்திற் பாதி இதன் பயனென்றே கருதுகிறோம்.

யூதரின் முயற்சி பெரிதென்பதில் ஐயமில்லை. 1881ல் எருசலேமுக்கு வந்த எலியேசர் பென் யெகூடா தம் இல்லத்தில் எபிரேயமன்றி வேறு மொழி பேசாதிருக்க உறுதி கொண்டார். பழஞ்சொற்களுக்குப் புதுப்பொருள் ஏறிற்று. எசேக்கியேல் தரிசனத்தில் வரும் ஹஷ்மல் என்னுஞ் சொல் இன்று மின்சாரத்துக்குப் பெயர். 1910ல் கலிலேயாக் கடலருகே தெகானியா என்னும் முதற் பொதுவுடைமைக் குடியிருப்பு தோன்றிற்று. ஆயின் அம்முயற்சி வெறுங்கையோடு நடந்ததன்று. நிலம் வாங்குதற்கென்றே 1901ல் யூத தேசிய நிதி ஏற்பட்டு, பல நாட்டு யூதரின் காணிக்கை அதிற் சேர்ந்தது. தொழிலாளர் சங்கம் 1920ல், எபிரேயப் பல்கலைக்கழகம் 1925ல். பிரிட்டிஷ் ஆட்சியில் எபிரேயம் ஆங்கிலத்தோடும் அரபியோடும் ஆட்சிமொழியாயிற்று. 1948ல் அரசு பிறக்குமுன்னரே பள்ளியும், மருத்துவ நிதியும் அச்சமூகத்தின் கையில் இருந்தன. பின்னர் 1952ல் ஜெர்மனியோடு செய்த உடன்படிக்கையால் 300 கோடி மார்க்கு வந்தது. அமெரிக்காவின் பேருதவி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. 60 இலட்சம் பேரைக் கொலைக்கொடுத்த ஓரினத்தார்க்கு இவ்வுதவி தகாதென்று யாம் சொல்லவில்லை. உதவியை மறைத்து உழைப்பை மட்டும் காட்டி, அதைக் கொண்டு வேறொருவரைச் சோம்பரென்று தூற்றுவதே தகாது என்கிறோம்.

அன்றியும், இஸ்ரேலியர் என்போர் ஒரே நிலையினரல்லர். 1948 முதல் 1951 வரை ஏறக்குறைய 7 இலட்சம் யூதர் வந்து சேர்ந்து தொகையை இரட்டிப்பாக்கினர். ஈராக்கு, ஏமன், மொரோக்கோ முதலிய இடங்களினின்று வந்தோர் தகரக் கொட்டகைகளிலும் கூடாரங்களிலும் நெடுநாள் கிடந்தனர்; ஐரோப்பியர் பெற்ற வேலையும் வீடும் தமக்கில்லையென்று 1959ல் ஹைஃபாவிலும் 1971ல் எருசலேமிலும் கிளர்ந்தனர். நம் அண்டையிலுள்ள கொச்சியின் யூதர்களும் அக்காலத்தில் சென்று நெகேவ் பாலையில் நெவாதிம் என்னும் ஊரில் குடியேறினர். இன்று வைதிக யூதருள் ஆடவர் பலர் வேதக் கல்வியிலேயே இருப்பதால், அவர் குடும்பங்கள் நாட்டின் செல்வத்துக்கு நடுவே வறுமையில் வாழ்கின்றன.

இனி, ஹவாயியரை உண்மையில் யாரோடு ஒப்பிடலாம் எனின், இஸ்ரேல் எல்லைக்குள்ளேயே அதற்கு விடை உளது. 1948ம் ஆண்டுப் போரில் ஏறத்தாழ 7 இலட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தனர். 1950ம் ஆண்டுச் சட்டமொன்றால் ‘வராதோர்’ சொத்து அரசின் பொறுப்பாயிற்று. நாட்டை விட்டுப் போகாமல், தம் ஊரை விட்டு மட்டும் போயிருந்தோரும் அச்சட்டத்தின் கண்ணில் வராதோரே. எஞ்சிய அராபியர் குடியுரிமை பெற்றும், 1966 வரை இராணுவ ஆட்சியின் கீழிருந்தனர். இன்று அவர்கள் ஐந்தில் ஒரு பங்கினர். நாட்டு நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று அரசின் பொறுப்பிலோ மேற்சொன்ன தேசிய நிதியின் பொறுப்பிலோ உளது. நெகேவில் பெதூயினர்க்கென அமைத்த சில ஊர்கள் நீங்கலாக, அராபியர்க்கெனப் புதிய நகரொன்றும் அரசு கட்டியதில்லை. 2018ல் அரபி ஆட்சிமொழி நிலையினின்றும் இறக்கப்பட்டது.

இவ்வொப்புமையும் முற்றும் பொருந்துவதன்று. அராபிய மாணவர்க்கு அரசுப் பள்ளியில் தாய்மொழிக் கல்வி என்றும் இருந்து வந்துளது. ஹவாயியர்க்கு அது தொண்ணூறு ஆண்டு இல்லாதிருந்தது. இஸ்ரேலின் மருத்துவமனைகளில் வைத்தியராயும் மருந்தாளராயும் பணியாற்றுவோருள் அராபியர் மிகப் பலர். மற்றொரு புறம், 2023ம் ஆண்டு அக்டோபர் 7ல் ஏறக்குறைய 1,200 பேர் கொலையுண்டதும், அதன்பின் நிகழ்ந்த போரில் காசாவில் பல்லாயிரவர் மாண்டதும் போன்ற கொடுமைகள் இக்காலத்து ஹவாயில் இல்லை. அச்சமே அன்றாட உணவாகிவிட்ட ஒரு நாட்டின் பொருளியலை அச்சமற்ற தீவின் பொருளியலோடு தராசில் வைப்பது எளிதன்று.

ஹவாயியர் இன்று எவ்வாறுளர்? 1921ல் அவர்க்கென ஏறக்குறைய 2 இலட்சம் ஏக்கர் ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகையில் 99 ஆண்டுக்கு மனை தருவதென்று சட்டமியற்றினர். ஆனால் இரத்தத்தில் பாதியேனும் ஹவாயியமென்று மெய்ப்பித்தல் வேண்டும். நல்ல நிலம் தோட்டக்காரர் வசமே நின்றது. ஒதுக்கியதிற் பெரும்பகுதி நீரற்ற கரடு. 28,000 பேருக்கு மேற்பட்டோர் பெயர் பதிந்து காத்திருக்கின்றனர். காத்திருந்தே இறந்தோர் பலர். 2019ல் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் அங்கு வந்தனர். ஓவாஹுத் தீவில் தனிவீட்டின் நடுவிலை 2021ல் 10 இலட்சம் டாலரைக் கடந்தது. விடுதிகளில் மெத்தை விரிக்கும் கைக்கு வீடு வாங்க வழியேது? 2020ம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, ஹவாயியரிற் பாதிக்கு மேற்பட்டோர் தம் தீவுகளை விட்டு அமெரிக்கப் பெருநிலத்தில் வாழ்கின்றனர். விந்தை யாதெனில், வென்றவர் நாட்டிலும் இதே குறை எழுந்துளது: 2011ல் தெல் அவீவ் நகரின் நடுவே வாடகை தாளாத இளைஞர் கூடாரமடித்து அமர்ந்தனர். தெகானியாவே 2007ல் சமக்கூலி முறையைக் கைவிட்டது.

மொழியை மட்டும் ஹவாயியர் விட்டாரல்லர். 1980ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அம்மொழி பேசுஞ் சிறார் ஐம்பதின்மருக்கும் குறைவென்று கணித்தனர். 1984ல் சில பெற்றோரும் ஆசிரியரும் கூடிப் பூனனா லெயோ என்னும் மழலைப் பள்ளியைத் தொடங்கினர். மொழிக்கூடு என்பது அதன் பொருள். ஆங்கிலமன்றிக் கற்பித்தலைத் தடுத்த சட்டம் 1986ல் நீங்கிற்று. இன்று பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகப் பட்டம் வரை அம்மொழியிற் பயிலலாம். அரசும், நிதியும், துறைமுகமும் கையிலில்லாத மக்கள் செய்தது இது. முயற்சியை அளக்க வேண்டுமாயின், பென் யெகூடாவுக்கருகே இப்பெற்றோரையும் நிறுத்தி அளப்பதே நேர்மை.

2023ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மாயூயித் தீவின் லஹாயினா நகர் எரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பண்டு அரசர் வீற்றிருந்த நகரம் அது. நீர்வயல்களுக்கும் மீன்குளங்களுக்கும் பேர் பெற்றிருந்தது. அந்நீரைக் கரும்புக்குத் திருப்பினர். கரும்புத் தொழில் முடிந்தபின் தரிசாய் விட்ட வயல்களில் அந்நியப் புல் மண்டிக் காய்ந்து கிடந்தது. தீ அதன் வழியே பாய்ந்தது. நகரின் மேலே குன்றிலிருக்கும் லஹாயினாலூனாப் பள்ளி எரியாமல் தப்பிற்று. வட்டுக்கோட்டைச் செமினாரியின் உடன்பிறப்பு அதுவென்று முன்னரே சொன்னோம்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் எம் நண்பரிடம் காட்டினோம். சோம்பர் என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெறுவதாகவும், ஏனையவற்றுக்கு மறுப்பெழுதப் போவதாகவும் கூறினார். அடுத்த இதழில் அதற்கு இடமளிக்குமாறு பத்திராதிபரை வேண்டிக் கொள்ளுகிறோம்.