வீட்டிலேயே சி.என்.சி ரௌட்டர்... எந்த சாஃப்ட்வேரில் தொடங்கலாம்?

அலுமினிய ஃப்ரேம், மூன்று நான்கு ஸ்டெப்பர் மோட்டார்கள், ஒரு ஆர்டினோ போர்டு, மரத்தைச் செதுக்க ஒரு ஸ்பிண்டில். பாகங்களை ஆன்லைனில் வாங்கி, விடுமுறை நாள்களில் உட்கார்ந்து கோத்து, வீட்டிலேயே சி.என்.சி ரௌட்டர் செய்துவிடுகிறார்கள் ஹாபி பிரியர்கள். மெஷின் ரெடியான பிறகுதான் அசல் குழப்பமே தொடங்கும்: 'இதை ஓட்ட எந்த சாஃப்ட்வேர்?'

தேடினால் ஏகப்பட்ட பெயர்கள் வந்து விழும். பொருந்தாத ஒன்றுக்குப் பணம் கட்டினால் நஷ்டம். அதைவிட, ஒரு செட்டிங் தவறினால் சுழலும் பிட் நேராக மேசையில் போய் இடிக்கும். ஒடிந்து தெறிக்கும் துண்டு கண்ணையும் பதம் பார்க்கலாம்.

ஒன்றல்ல, மூன்று வேலைகள்

முதல் வேலை, டிசைன் வரைவது. இரண்டாவது, எந்த பிட், எவ்வளவு ஆழம், எந்தப் பாதை என்று முடிவு செய்து, அதை 'ஜி-கோடு' என்ற கட்டளைகளாக மாற்றுவது. இதற்கு 'கேம்' என்று பெயர். மூன்றாவது, அந்தக் கட்டளைகளை வரிவரியாக மெஷினுக்கு அனுப்புவது. இதைச் செய்வது 'சென்டர்' சாஃப்ட்வேர்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவு செய்வது போர்டுதான். ஆர்டினோ ஊனோ என்றால், பெரும்பாலும் அதில் ஜி.ஆர்.பி.எல் என்ற இலவச ஃபர்ம்வேர் இருக்கும். 2009-ல் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் எழுதத் தொடங்கியது இது. அதனுடன் பேசத் தெரிந்த சாஃப்ட்வேரைத்தான் தேட வேண்டும். பழைய வீடியோக்களில் வரும் மேக்-3, பேரலல் போர்ட் உள்ள கம்ப்யூட்டர்களுக்காக வந்தது. இன்றைய லேப்டாப்களில் அந்த போர்ட்டே கிடையாது.

புதியவர்களுக்கு எது?

ஈஸல்: பிரவுசரிலேயே மூன்று வேலைகளையும் முடித்துவிடலாம். பெயர்ப்பலகை, சாவி மாட்டி போன்ற எளிய வேலைகளுக்கு ஏற்றது. இன்டர்நெட் வேண்டும். கூடுதல் வசதிகளுக்குச் சந்தா உண்டு.

இன்க்ஸ்கேப்: டிசைனுக்கான இலவச சாஃப்ட்வேர். தமிழ் எழுத்துகள் உடையாமல் வரும் என்பது நமக்கு பெரிய வசதி. வீட்டுப் பெயரை டைப் செய்து, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து, எஸ்.வி.ஜி ஃபைலாக சேவ் செய்தால், ஈஸல் போன்றவற்றில் அப்படியே ஏற்றலாம்.

ஃப்யூஷன்: முப்பரிமாணப் பாகங்கள் செய்ய நினைப்பவர்களுக்கு. தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம். ஆனால், 2020 முதல் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரே நேரத்தில் 10 டிசைன்களை மட்டுமே எடிட் செய்யும் நிலையில் வைத்திருக்கலாம். வெட்டாத நேரத்திலும் மெஷின் வேகமெடுக்காது.

ஃப்ரீகேட்: முழுக்க இலவசம், இன்டர்நெட் இல்லாமலும் இயங்கும். கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

ஜி-கோடை அனுப்ப யுனிவர்சல் ஜி-கோடு சென்டர், கேண்டில் இரண்டுமே இலவசம். காசு கொடுத்து வீகார்வ் வாங்க நினைப்பவர்கள், முதலில் டிரையல் வெர்ஷனில் பழகிப் பார்ப்பது நல்லது. நம் சொந்த டிசைனின் ஜி-கோடை அதில் சேவ் செய்ய முடியாது என்றாலும், கைக்குப் பழகுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஜி-கோடு உருவாக்கும்போது 'போஸ்ட் பிராசஸர்' எது என்று கேட்கும். அங்கே ஜி.ஆர்.பி.எல் என்பதையே தேர்வு செய்ய வேண்டும். அடுத்தது, மில்லிமீட்டரா, இன்ச்சா? இது மாறிவிட்டால் அளவு 25.4 மடங்கு பெரிதாகும் அல்லது சிறிதாகும். 2 மி.மீ ஆழம் என்று நினைத்தது, 2 இன்ச் ஆகிவிடும்!

மெஷினின் அளவையும் சரிபார்க்க வேண்டும். உதாரணமாக, ஒரு சுற்றுக்கு 1,600 ஸ்டெப் எடுக்கும் மோட்டார், பெல்ட்டை 40 மி.மீ நகர்த்தினால், ஒரு மில்லிமீட்டருக்கு 40 ஸ்டெப். 100 மி.மீ நகரச் சொல்லி ஸ்கேலில் அளந்து பாருங்கள். 98 மி.மீதான் நகர்ந்தது என்றால், 40-ஐ 100-ஆல் பெருக்கி 98-ஆல் வகுத்தால் 40.82. இதுதான் புதிய செட்டிங். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த சாஃப்ட்வேர் போட்டாலும் அளவு சரியாக வராது.

முதல் ஓட்டம் காற்றில்!

முதல் முறை, ஸ்பிண்டிலை ஆஃப் செய்து, பிட்டை மரத்துக்கு மேலே உயர்த்தி வைத்து, முழு ஃபைலையும் காற்றிலேயே ஓட்டிப் பாருங்கள். திரையில் தெரியும் பாதையும் மெஷின் போகும் பாதையும் ஒன்றாக இருந்தால் மட்டும் அடுத்த கட்டம். அதையும் வீணான மரத்துண்டில் தொடங்கலாம்.

கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம், எம்.டி.எஃப் தூசு நுரையீரலுக்கு ஆகாது. எமர்ஜென்சி ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்திலும், குழந்தைகள் எட்டாத தூரத்திலும் இருக்கட்டும். மெஷின் ஓடும்போது பக்கத்திலேயே ஆள் இருப்பது அவசியம். சாஃப்ட்வேர் சொன்னதைத்தான் செய்யும். தப்பாகச் சொன்னாலும் நிறுத்தாது. நிறுத்த வேண்டியது பக்கத்தில் நிற்பவர்தான்.