மேற்கோள் எண்ணிக்கை மட்டும் போதுமா?

இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் நேரம் எங்கள் துறையில் வந்துவிட்டது. மருத்துவப் படமாக்கலில் ஆர்வமுள்ள நண்பர்கள் பலர், பேராசிரியர்களின் கட்டுரைகளைப் படிப்பதற்கு முன்பே கூகல் ஸ்காலரில் அவர்களின் எண்களைப் பார்க்கிறார்கள். “இவருக்கு எச்-இன்டெக்ஸ் 40, அவருக்கு 12தான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இப்படித் தேர்ந்தெடுப்பது நமக்கு நல்லதல்ல என்பது என் கருத்து.

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்னர் வரும் கட்டுரைகள் ஆதாரமாகக் குறிப்பிடுவதே மேற்கோள். இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005ல் முன்வைத்த எச்-இன்டெக்ஸ், கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மேற்கோள்களையும் சேர்த்துப் பார்க்கிறது. ஒருவரின் 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் 10ஐ எட்டிவிட்டார். 11ஐத் தொட, 11 கட்டுரைகள் தலா 11 மேற்கோள்களைப் பெறவேண்டும்.

இந்த அளவுகோலை ஆலன் கார்மக்கிடம் வைத்துப் பார்ப்போம். கேப் டவுனில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்த அவர், 1956ல் அங்குள்ள குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதி நேரமாகப் பணியாற்றினார். உடலைப் பல திசைகளிலிருந்து எக்ஸ்ரே கொண்டு அளந்தால், அதன் உட்பகுதியைக் கணக்கின்மூலம் கண்டறியலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதை 1963லும் 1964லும் இரண்டு கட்டுரைகளாக ஓர் இயற்பியல் சஞ்சிகையில் வெளியிட்டார். ஏறக்குறைய யாருமே கண்டுகொள்ளவில்லை. வந்த சில விசாரிப்புகளில் ஒன்று, சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு நிலையத்திலிருந்து வந்தது!

கார்மக்கின் கட்டுரைகளை அறியாமலேயே, பிரிட்டனின் இஎம்ஐ நிறுவனப் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்ட் சிடி ஸ்கேன் இயந்திரத்தை உருவாக்கினார். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் மூளை அதில் படம் பிடிக்கப்பட்டது. இருவரும் 1979ல் மருத்துவ நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இருவரிடமும் ஆய்வு வழி பெற்ற முனைவர் பட்டம் இல்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒருவர் இரண்டே கட்டுரைகள் எழுதியிருந்தால், அவை லட்சம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவருடைய எச்-இன்டெக்ஸ் 2ஐத் தாண்டாது. இன்று நம் மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் ஒரு கருவியின் கணித அடிப்படைக்கு அந்த அளவுகோல் தரும் மதிப்பு அவ்வளவுதான்.

மேற்கோள்களுக்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் 2015ல் வெளியிட்ட ‘யூ-நெட்’ கட்டுரை பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. குறைந்த எண்ணிக்கையிலான படங்களைக் கொண்டே கணினிக்குப் பயிற்சி அளித்து, செல்களையும் உறுப்புகளையும் பிரித்துக் காட்ட அது வழி செய்தது. பலருக்கும் உடனே பயன்பட்டதால்தான் அந்த எண் உயர்ந்தது. ஆனால், செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதுவோர் ஏராளம். அரிய நோய் ஒன்றை ஆராய்வோர் சிலர்தான். இரு தரப்பின் எண்களையும் அருகருகே வைத்து யார் பெரியவர் என்று கேட்பது நியாயமா?

எண்ணே இலக்காகிவிட்டால் ஆய்வும் கெடும். ஒரே ஆய்வை மூன்று கட்டுரைகளாகத் துண்டுபோடவும், தேவையில்லாத இடத்திலும் தன் பழைய கட்டுரைகளைக் குறிப்பிடவும் ஆசை வரும். அந்தச் சூழலில் பயிலும் மாணவன், நல்ல கேள்வி கேட்பதற்கு முன் எண்ணிக்கையைக் கூட்டத்தான் கற்றுக்கொள்வான்.

உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கும் இதில் பங்குண்டு. நீங்கள் ஆவலோடு பார்க்கும் பல்கலைக்கழகத் தரவரிசைகள் சிலவற்றிலும் மேற்கோள்கள் கணக்கில் சேர்கின்றன. உங்களுக்கு யார் பாடம் நடத்துவார், எப்படி நடத்துவார் என்பதை அந்த எண் சொல்லாது.

ஆகவே, வழிகாட்டியைத் தேடும் என் சக மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் எழுதிய ஒரு கட்டுரையையாவது முழுமையாகப் படியுங்கள். அவரிடம் ஏற்கெனவே பயின்ற சீனியர்களிடம், வாரம் எத்தனை முறை அவரைச் சந்திக்க முடிந்தது என்று கேளுங்கள். எச்-இன்டெக்ஸை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.