அரை மலை

போன பங்குனியில் மச்சானோடு வெள்ளியங்கிரி போனேன். பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை ஏறவிடும். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கியதுமே மச்சான், "ஏழு மலையும் ஏறிட்டுத்தானுங்க மாப்ளே சோறு!" என்று சபதம் போட்டார்.

முதல் மலைப் படியே செங்குத்து. வெள்ளை விநாயகர் கோயிலுக்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். "வாயுங்க மாப்ளே..."

வாயுவுக்கு இடது கை வலிக்குமா, சார்? சட்டையெல்லாம் வியர்வை. 2024-ல் இங்கே ஏறும்போதே சிலர் இறந்தது ஞாபகம் வந்தது.

"இறங்கலாமுங்க மச்சான். ஈசன் எங்கீங்க போயிருவாரு?"

மேலே போய்க்கொண்டிருந்த நாலு பையன்கள் திரும்பினார்கள். தடி இரண்டு, வேட்டி ஒன்று, தூளி தயார். பேர்கூடச் சொல்லாமல் தூக்கி இறக்கினார்கள். அவர்கள் சாமி தரிசனமும் அன்று அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்ததும் மச்சான் கேட்டது: "தடி பத்திரமா இருக்குதுங்களா மாப்ளே?"